கொரியன் இன்டர்பிரட்டர் எங்கே கிடைப்பார்? (மோல்டு விலை பேசப் போகிறவரின் கேள்வியும் அதன் பின்னால் வந்தவையும்)

4 பிப்ரவரி 2024, ஞாயிறு இரவு

வாசகர் ஒருவர் கேட்டதை அப்படியே போடுகிறேன்:

"ஏப்ரல் முதல் வாரம் கொரியா போகிறோம். கோயாங்கில் சிம்டோஸ் இயந்திரக் கண்காட்சி பார்த்துவிட்டு, சாங்வொன் பக்கம் இரண்டு கம்பெனிகளில் மோல்டு (பிளாஸ்டிக் வார்க்கும் அச்சு) விலை பேச வேண்டும். எங்கள் ஆபீஸில் ஒரு பெண் மூன்று வருடமாகக் கொரியன் டிராமா பார்த்துப் பார்த்தே மொழி கற்று, டோபிக் பரீட்சையில் நாலாம் நிலை வாங்கியிருக்கிறார். அவரையே கூட்டிப் போனால் போதும் என்கிறார் எம்.டி. அந்தக் கம்பெனிக்காரர்களும் 'எங்களிடமே ஆங்கிலம் தெரிந்த ஆள் உண்டு, கவலை வேண்டாம்' என்கிறார்கள். தனியாகக் காசு கொடுத்து இன்டர்பிரட்டர் வைக்கத்தான் வேண்டுமா? வேண்டுமென்றால் எங்கே தேடுவது?"

வேண்டும்.

டோபிக் ஆறு நிலை கொண்டது. நாலு வாங்குவது லேசான காரியமில்லை, அந்தப் பெண்ணுக்கு என் பாராட்டு. ஆனால் அந்தப் பரீட்சை பார்ப்பது கேட்பதையும் படிப்பதையும் எழுதுவதையும்தான். ஒரு மொழியில் கேட்டதை மனதில் நிறுத்தி, அடுத்த நிமிடமே இன்னொரு மொழியில் சிந்தாமல் சிதறாமல் சொல்வது வேறு வித்தை. வீட்டில் நாலு பேருக்கு ருசியாகச் சமைக்கிறவரிடம் கல்யாணப் பந்தியை ஒப்படைக்க முடியுமா?

எதிர்த்தரப்பு ஆள் விஷயம் இதைவிட மோசம். என் சொந்தக் கதை. 2016 வாக்கில் நான்கு மோல்டுகளைத் திருத்துவதற்கு விலை பேசப் போயிருந்தோம். அவர்களுடைய ஏற்றுமதிப் பிரிவுப் பையன்தான் மொழிபெயர்த்தான். நல்ல பையன், அமெரிக்காவில் ஒரு வருடம் இருந்தவன். அவர்கள் மேலாளர் சொன்ன தொகை ஒரு ஒக், இரண்டாயிரம் மன். பையன் ஆங்கிலத்தில் 'பன்னிரண்டு மில்லியன் வொன்' என்றான். நம் கணக்கில் ஏழு லட்ச ரூபாய். பேரமே பேசாமல் சரி என்றோம். அவர்கள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அன்று இரவு மாட்டிறைச்சி விருந்து வேறு. மறுநாள் காகிதத்தில் வந்த தொகை நூற்றிருபது மில்லியன். எழுபது லட்சம்! ஒரு சைபர் போனதற்குக் காரணம் எளியது. கொரியர்கள் பத்தாயிரத்தை 'மன்' என்று ஓர் அலகாக வைத்து எண்ணுகிறார்கள், ஆங்கிலம் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது. ஒக் என்பது நம்முடைய கோடி மாதிரி.

பையன் ஏமாற்றினான் என்று சொல்லவில்லை. ஆனால் தவறு என்று அவனுக்கே தெரிந்த பிறகும், தன் மேலாளர் முன்னால் அதைத் திருத்திச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சம்பளம் கொடுப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசும் வாய் நமக்கு உதவாது.

5 பிப்ரவரி, காலை

மூன்று பேர் தனித்தனியாகச் சுட்டிக்காட்டிவிட்டீர்கள். ஒக் என்பது ஒரு கோடி இல்லை, பத்துக் கோடி. நேற்று இரவு அவசரத்தில் எழுதிவிட்டேன். எண்ணைப் பற்றி உபதேசம் செய்த பதிவிலேயே நானும் ஒரு சைபரைத் தொலைத்தேன். அந்தப் பையனிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

சரியான கணக்கு: பத்து மன் ஒரு லட்சம். நூறு மன் ஒரு மில்லியன். ஆயிரம் மன் ஒரு கோடி. பத்தாயிரம் மன் ஒரு ஒக், அதாவது பத்துக் கோடி. விலை பேசும் அறையில் வெள்ளைப் பலகை இருந்தால் எண்ணை வாயால் சொல்லாதீர்கள், எழுதுங்கள். உலகத்தின் மிகச் சிறந்த உரைபெயர்ப்பாளரை வைத்திருந்தாலும் எழுதுங்கள்.

5 பிப்ரவரி, இரவு

எங்கே தேடுவது என்பதற்கு வருகிறேன்.

கொரியாவில் வணிகப் பேச்சுக்கான உரைபெயர்ப்பாளருக்கு அரசு உரிமம் என்று தனியாக ஒன்று கிடையாது. 'அரசுச் சான்றிதழ் வைத்திருக்கிறேன்' என்று ஒருவர் சொன்னால் என்ன சான்றிதழ் என்று கேளுங்கள். பெரும்பாலும் சுற்றுலா வழிகாட்டிக்கான தேசியத் தேர்வாக இருக்கும். கியோங்போக்குங் அரண்மனையைச் சுற்றிக்காட்ட அவர் நல்ல துணை. உங்கள் மோல்டுக்கு இல்லை.

அங்கே தொழில்முறை ஆட்களை அடையாளம் காண்பது படித்த இடத்தை வைத்துத்தான். ஹான்குக் வெளிநாட்டு மொழிகள் பல்கலைக்கழகத்தின் உரைபெயர்ப்பு, மொழிபெயர்ப்புப் பட்டமேற்படிப்புப் பள்ளி 1979-லிருந்து நடக்கிறது. இஹ்வா மகளிர் பல்கலைக்கழகத்துப் பள்ளி 1997-லிருந்து. இரண்டும் சியோலில். உள்ளே நுழைவதே பெரும்பாடு, தேறி வெளியே வருவது அதைவிடப் பாடு. இப்படிப்பட்ட பள்ளிகளை மொத்தமாக 'தொங்தே' என்பார்கள். 'தொங்தே முடித்தவர்' என்று ஒரு கொரியர் சொன்னால் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை என்று அர்த்தம். இந்தப் பள்ளிகள் வழியாகவே ஆள் கேட்கலாம்.

இன்னொரு வழி, 1953-ல் தொடங்கிய ஏ.ஐ.ஐ.சி. என்ற சர்வதேச மாநாட்டு உரைபெயர்ப்பாளர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல். ஜெனிவாவில் இருக்கிறது. ஊரையும் மொழியையும் போட்டுத் தேடலாம். பெயருக்குப் பக்கத்தில் ஏ, பி, சி என்று இருக்கும், அதை மார்க் என்று நினைத்துவிடாதீர்கள். ஏ தாய்மொழி. பி தாய்மொழி இல்லாவிட்டாலும் அதற்குள் பெயர்த்துப் பேசக்கூடிய மொழி. சி கேட்டுப் புரிந்துகொள்ள மட்டும். உங்களுக்குத் தேவை கொரியன் ஏ, ஆங்கிலம் பி உள்ளவர். தலைகீழாக இருந்தாலும் பரவாயில்லை.

கொரிய அரசின் வணிக ஊக்குவிப்பு நிறுவனமான கோட்ராவுக்குச் சென்னையிலேயே அலுவலகம் உண்டு. கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. குமோங், சும்கோ போன்ற கொரியத் தளங்களில் தனியாள்கள் நிறையப் பேர் விளம்பரம் கொடுத்திருப்பார்கள். அங்கே தரம் மேலும் கீழுமாகத்தான் இருக்கும், நட்சத்திரத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். பத்து நிமிடம் வீடியோவில் பேசிப் பாருங்கள். அதில் நான் கவனிப்பது ஒன்றுதான்: அவர் என்னிடம் என்ன கேள்வி கேட்கிறார்? எந்தத் தேதி, எவ்வளவு காசு என்று மட்டும் கேட்டால் வேறு ஆளைப் பார்ப்பேன். எந்தப் பொருள், யார் யார் அறையில் இருப்பார்கள், வரைபடம் அனுப்ப முடியுமா என்று கேட்டால் அங்கேயே முடித்துவிடுவேன்.

7 பிப்ரவரி

'உரைபெயர்ப்பாளர்' என்றால் என்ன, 'மொழிபெயர்ப்பாளர்' என்று எழுதினால் குறைந்தா போய்விடும் என்று ஒருவர் கோபப்படுகிறார். அந்தச் சொல் இலங்கைத் தமிழர் கையில் புழங்குவது. எழுத்தைப் பெயர்ப்பவர் மொழிபெயர்ப்பாளர், பேச்சைப் பெயர்ப்பவர் உரைபெயர்ப்பாளர் என்று அவர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். நாம் இரண்டு பேரையும் 'டிரான்ஸ்லேட்டர்' என்று கூப்பிட்டுவிட்டு, ஒப்பந்தம் எழுதுகிறவரைக் கூட்டத்துக்கு அனுப்புகிறோம். கொரியனிலும் இரண்டும் தனித்தனிச் சொல். பேச்சுக்குத் தொங்யொக், எழுத்துக்குப் பொன்யொக். மின்னஞ்சலில் சரியான சொல்லைப் போடாவிட்டால் சரியான ஆள் வரமாட்டார்.

நமக்கும் ஒரு பழைய சொல் இருந்ததே. துபாஷி! ஆனால் துபாஷி பேச்சைப் பெயர்த்ததோடு நிற்கவில்லை. தரகு, கடன் ஏற்பாடு, சரக்குக் கொள்முதல் எல்லாம் அவர் கையில். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சுக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தானே பெரிய வணிகர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இன்றைக்கும் 'நானே பேசித் தருகிறேன், நானே கம்பெனியும் காட்டுகிறேன்' என்று வருகிற ஏஜென்டுகள் இந்த மரபுதான். அவர்கள் தேவையில்லை என்று சொல்லவில்லை. அவரைத் தரகராக வைத்துக்கொள்ளுங்கள். வாயாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

9 பிப்ரவரி

கேள்வி கேட்டவர்: "நான்கு பேருக்கு மெயில் போட்டேன், ஒருவரும் பதில் போடவில்லை."

இன்று முதல் திங்கள் வரை 'சொல்லால்' என்கிற அவர்கள் புத்தாண்டு விடுமுறை. பொங்கலன்று நீங்கள் பதில் போடுவீர்களா? செவ்வாய் வரை பொறுங்கள்.

13 பிப்ரவரி

இதை எதிர்பார்த்தேன். "2020-ல் ஆஸ்கர் மேடையில் 'பாரசைட்' பட இயக்குநர் பாங் ஜூன்-ஹோவுக்காகப் பேசிய ஷாரன் சோய் எந்தத் தொங்தேயில் படித்தார்? சினிமா படித்த பெண்தானே?"

உண்மை. அவர் சினிமாக்காரர். உலகமே அவர் பேச்சைப் பாராட்டியது. ஆனால் அதிலிருந்து 'படிப்பு வேண்டாம்' என்று முடிவெடுப்பது சரியா? இயக்குநர் பேசியது சினிமா, அவருக்கு அது கைவந்த உலகம். பாங் ஒரு நகைச்சுவை சொன்னால் அது எந்த வகை நகைச்சுவை என்று அவருக்குத் தெரியும். அதே மனிதரை ஊசி வார்ப்பு மெஷின் பக்கத்தில் நிறுத்தி, கேட் (உருகிய பிளாஸ்டிக் மோல்டுக்குள் நுழையும் வாய்) இருக்கும் இடத்தை மாற்றினால் பொருள் வளையுமா என்ற விவாதத்தைக் கொடுத்துப் பாருங்கள்.

எழுதி முடித்துவிட்டு யோசித்தால், இந்த வாதம் என் கழுத்தைத்தான் சுற்றுகிறது. பொருள் தெரிந்திருப்பதுதான் முக்கியம் என்றால், தொங்தே தொங்தே என்று நான் அடித்துக்கொள்வது எதற்கு? பிறகு வருகிறேன்.

18 பிப்ரவரி

காசு விவரம் கேட்கிறார்கள்.

முதலில் எந்த வகை வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். கூண்டுக்குள் உட்கார்ந்து காதில் கருவி மாட்டிக்கொண்டு கூடவே பேசுவது 'தொங்சி'. மாநாட்டுக்கானது. அதற்கு இரண்டு பேர் வேண்டும், இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வார்கள். ஒருவரே போதும் என்று பேரம் பேசாதீர்கள், மூளை ஓய்ந்துவிடும், அரை மணி தாண்டினால் தவறு வர ஆரம்பிக்கும். ஒருவர் பேசி நிறுத்திய பிறகு மற்றவர் சொல்வது 'சுன்சா'. விலை பேச இதுதான் ஏற்றது. கூடவே சுற்றி வந்து பேசுவது 'சுஹெங்', கண்காட்சிக்கும் ஆலையைச் சுற்றிப் பார்க்கவும் ஆனது. விலையும் இந்த வரிசையில் இறங்கும்.

எனக்குக் கடைசியாக வந்த விலை, தொங்தே முடித்த, பத்து வருட அனுபவமுள்ள ஒருவர் சுன்சாவுக்கு ஒரு நாளைக்குக் கேட்டது, நூறு மன்னை ஒட்டி. சுமார் அறுபதாயிரம் ரூபாய். சியோலிலிருந்து சாங்வொன் போக கே.டி.எக்ஸ். ரயில் கட்டணம், தங்கும் அறை, நேரம் கடந்தால் கூடுதல், எல்லாம் நம் தலையில். கடைசி நேரத்தில் ரத்து செய்தாலும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். 'அறுபதாயிரமா?' என்று எங்கள் கணக்குப் பிரிவு கத்தியது. எழுபது லட்சத்துக்கும் ஏழு லட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினேன்.

25 பிப்ரவரி

கிம்ஹேயில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் எழுதியது. இலங்கையிலிருந்து வேலை அனுமதித் திட்டத்தில் போய் ஒன்பது வருடமாக அங்கே ஒரு பிளாஸ்டிக் ஆலையில் இருக்கிறவர்:

"அண்ணை, நீங்கள் சொல்லுற சியோல் ஆக்கள் மீட்டிங்குக்குச் சரி. இஞ்ச ஃபக்டரிக்குள்ள வந்தா அவைக்கே அரைவாசி விளங்காது. இஞ்சத்த மேஸ்திரிமார் கதைக்கிறது கியோங்சாங் சாத்துரி. அதுக்குள்ள பழைய ஜப்பான் சொல்லு வேற. நான் வந்த புதுசில 'பாரி, பாரி' எண்டு கத்துவினம், ஆரையோ கூப்பிடுகினம் எண்டு நிண்டனான்."

சாத்துரி என்றால் வட்டார வழக்கு. அவர் சொல்லும் பாரி, பிளாஸ்டிக் பொருளின் ஓரத்தில் வரும் பிசிறு. ஜப்பானியச் சொல், ஆலைத் தளத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. கீறலுக்கு 'கிஸ்' என்பதும் அப்படி வந்ததுதான். புத்தகக் கொரியனில் இதற்கெல்லாம் வேறு சொல் உண்டு.

தம்பி சொல்வது சரி, நான் 5-ஆம் தேதி எழுதியது பாதிதான் உண்மை. இப்போது ஞாபகம் வருகிறது. 2019-ல் எங்களோடு வந்த அம்மையார், அறைக்குள் அப்பழுக்கில்லாமல் பேசியவர், மெஷின் பக்கத்தில் இரண்டு முறை தயங்கினார். மேஸ்திரியிடமே 'அந்தச் சொல் என்ன?' என்று கேட்டு, பொருளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் எங்களுக்குச் சொன்னார். அன்று எனக்கு எரிச்சல். இன்று யோசித்தால் அதுதான் பயிற்சி. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லாமல் நிறுத்திக் கேட்டாரே. எங்கள் பழைய பையனாக இருந்தால் 'ஏதோ சின்னப் பிரச்சினை, சார்' என்று கடந்து போயிருப்பான்.

ஆகவே திருத்தம்: விலையும் ஒப்பந்தமும் பேசுகிற நாளுக்குத் தொங்தே ஆள். ஆலைத் தளத்துக்கு, மோல்டு உலகில் வேலை பார்த்து, ஆங்கிலம் ஓரளவு பேசுகிற உள்ளூர்க்காரர் கிடைத்தால் அவரே மேல். சாங்வொன், புசான் பக்கம் வெளிநாட்டு வாடிக்கையாளரைக் கவனித்து ஓய்வுபெற்ற பொறியாளர்கள் இந்த வேலைக்கு வருகிறார்கள். இரண்டு பேர் என்றால் செலவு கூடும். கூடட்டும்.

26 பிப்ரவரி

கிம்ஹே என்றதும் ஆறு பேர் ராணி ஹோ ஹ்வாங்-ஓக் பற்றி எழுதிவிட்டீர்கள். ஆம், அவர் கல்லறை கிம்ஹேயில்தான் இருக்கிறது. ஆயுதா நாட்டிலிருந்து கப்பலில் வந்தார் என்று சம்குக் யூசா என்ற பழைய கொரிய நூல் சொல்கிறது. அயோத்தியா, கன்னியாகுமரியா என்ற சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவை 'அப்பா' என்றும் அம்மாவை 'ஒம்மா' என்றும் கூப்பிடுகிறார்கள் என்பதற்காக மோல்டு விலையில் தள்ளுபடி கிடைக்காது. முயற்சி செய்தவன் சொல்கிறேன்.

3 மார்ச்

இதுவரை கொரியர்களையும் உரைபெயர்ப்பாளர்களையுமே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நம் பக்கத்துக்கு வருவோம்.

2019-ல் வந்த அந்த அம்மையார் ஒருமுறை இடைவேளையில் என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "உங்கள் நிறுவனத் தலைவர் 'லாக்' என்று அடிக்கடி சொல்கிறார். பூட்டைப் பற்றியா?" லட்சம்! அமெரிக்க ஆங்கிலம் பழகியவருக்கு லட்சமும் கோடியும் எப்படித் தெரியும்? 'ப்ரிபோன்' என்றோம், 'டூ த நீட்ஃபுல்' என்றோம். அவர் பாவம் குறிப்பேட்டில் கேள்விக்குறி போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். அந்தக் குறிப்பேட்டை ஒருநாள் எட்டிப் பார்த்தேன். மேல்பக்கம் சுருள் வைத்த, நிருபர்கள் வைத்திருக்கும் மாதிரி நோட்டு. வாக்கியமே கிடையாது. அம்புக்குறி, கோடு, எண், நாலைந்து கொரிய எழுத்து. அதை வைத்துக்கொண்டு எங்கள் எம்.டி. மூச்சுவிடாமல் ஆறு நிமிடம் பேசியதைத் திருப்பிச் சொன்னார். ஆறு நிமிடம் பேசக் கூடாது, அது வேறு விஷயம். மூன்று நான்கு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள்.

இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது. 'சரக்கு இன்னும் அனுப்பலையா?' என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? 'ஆமா, அனுப்பலை.' கொரியரும் 'நே' என்றுதான் சொல்வார், ஆமாம், அனுப்பவில்லை. ஆங்கிலத்தில் அதே கேள்விக்கு வர வேண்டிய பதில் 'நோ'. ஆகவே அரைகுறை ஆங்கிலத்தில் ஒரு தமிழரும் ஒரு கொரியரும் பேசிக்கொண்டால் இந்த இடத்தில் குழப்பமே வராது, இருவரும் 'எஸ்' என்பார்கள், இருவருக்கும் புரியும். நடுவில் ஒழுங்கான ஆங்கிலம் வந்தால்தான் குழப்பம்! வினைச்சொல் கடைசியில் வருவதும் அப்படித்தான். கொரியர் வாக்கியத்தை முடிக்கும்வரை செய்வாரா மாட்டாரா என்று தெரியாது, நம்மைப் போலவே. ஆங்கிலத்துக்குப் பெயர்ப்பவர் அந்த வினைக்காகக் காத்திருந்தே ஆக வேண்டும். அவர் மௌனமாக இருக்கும் நொடியில் 'வாட் இஸ் ஹி சேயிங்?' என்று துளைக்காதீர்கள். அவருக்கும் இன்னும் தெரியாது.

கூடவே, 'நே' என்பது எல்லா இடத்திலும் சம்மதம் இல்லை. 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதற்கும் அதே சொல்தான். நாம் 'ம்' கொட்டுகிற மாதிரி.

4 மார்ச்

"அப்படியென்றால் நேராகத் தமிழ்–கொரியன் ஆள் பிடிக்கலாமே?"

பிடிக்கலாம். விலைப் பேச்சுக்கு ஆகிற அளவுக்குப் பயிற்சி பெற்ற ஒருவர் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.

10 மார்ச்

போனைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் போலிருக்கிறது. ஜனவரியில் வந்த சாம்சங் போனில் அழைப்பையே அந்த நேரத்தில் மொழிபெயர்க்கும் வசதி இருக்கிறது. நேவர் என்ற கொரியக் கம்பெனியின் பாப்பகோ செயலி அதற்குமுன்பே உண்டு. ஆங்கிலத்திலிருந்து கொரியனுக்கு மாற்றும்போது மரியாதை நடை வேண்டுமா என்று அதில் தேர்ந்தெடுக்கலாம். சாப்பாட்டுக் கடை, மருந்துக்கடை, ஓட்டல் எல்லாவற்றுக்கும் நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். அதோடு 1330 என்ற சுற்றுலா உதவி எண், ஆங்கிலத்தில் பேசுவார்கள். பி.பி.பி. கொரியா என்ற தன்னார்வ அமைப்பும் தொலைபேசியில் பெயர்த்துச் சொல்கிறது. 2002 உலகக் கோப்பைக் கால்பந்தை ஒட்டிப் பிறந்தது. டாக்சிக்காரரிடம் மாட்டிக்கொண்டபோது எனக்குக் கைகொடுத்தது.

ஆனால் பேரத்துக்குப் போன் வேண்டாம். காரணம் சொல்கிறேன். ஒரு பேச்சில் எதிர்த்தரப்பு மேலாளர், 'புஜாங்நிம்' என்று எல்லோரும் பயபக்தியோடு கூப்பிடுகிறவர், கடைசியில் 'பரிசீலித்துப் பார்க்கிறோம்' என்றார். சொல்லுக்குச் சொல் அதுதான். போனும் அதைத்தான் காட்டும். நம் அம்மையாரும் அறைக்குள் அதைத்தான் சொன்னார், ஒரு சொல் கூட்டவில்லை. வெளியே வந்ததும், "அவர் சொன்னது அவ்வளவுதான். ஆனால் இந்த மாதிரி கூட்டத்தில் இந்த வாக்கியம் பல சமயம் மரியாதையான மறுப்பு. முடிவு உங்களுடையது" என்றார். அறைக்குள் சொன்னதையும் வெளியே சொன்னதையும் கலக்காமல் வைத்திருந்தார் பாருங்கள்.

சிலர் 'அதை ஏன் அறைக்குள்ளேயே சொல்லவில்லை' என்று கேட்கலாம். நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன். அறைக்குள் சொல்லியிருந்தால் அவர் பேசுவது எது, புஜாங்நிம் பேசுவது எது என்று யாருக்குத் தெரியும்?

17 மார்ச்

கேள்வி கேட்டவர் ஆளை முடித்துவிட்டாராம். சியோல் அம்மையார் ஒருவர் இரண்டு நாளுக்கு, சாங்வொனில் ஓய்வுபெற்ற மோல்டு பொறியாளர் ஒருவர் ஒரு நாளுக்கு. பிரமாதம்.

இரண்டு வாரம் இருக்கிறது. வரைபடம், பாகங்களின் பெயர், பழைய விலைப்புள்ளி, இரண்டு பக்கமும் உட்காரப் போகிறவர்களின் பெயரும் பதவியும் இப்போதே அனுப்பிவிடுங்கள். ரகசியம் என்றால் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். முந்தின நாள் சாயங்காலம் அரை மணி சந்தித்துப் பேசுங்கள், உங்கள் எம்.டி.யின் ஆங்கிலம் அவர் காதுக்குப் பழக வேண்டும். கூட்டத்தில் 'அவரிடம் சொல்லுங்கள்' என்று உரைபெயர்ப்பாளரைப் பார்த்துப் பேசாமல், எதிரில் இருப்பவரைப் பார்த்து நேராகப் பேசுங்கள். சாப்பாட்டு மேசையிலும் அவரைப் பேச வைத்துவிட்டுச் சாப்பிட விடாமல் பண்ணாதீர்கள். 2019-ல் நாங்கள் செய்த பாவம் அது.

உங்கள் பயணத் திட்டத்தில் ஏப்ரல் 10 புதன்கிழமை கூட்டம் என்று போட்டிருக்கிறீர்கள். அன்று அங்கே நாடாளுமன்றத் தேர்தல், பொது விடுமுறை. மாற்றுங்கள்.

18 மார்ச்

சிட்னியில் கொரியன் இன்டர்பிரட்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டவருக்கு: உங்கள் ஊரில் விஷயம் எளிது. நாட்டி என்ற அமைப்பு தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுக்கிறது, கொரியனும் அதில் உண்டு. அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

14 ஏப்ரல்

புத்தாண்டும் அதுவுமாக நம் ஆள் ஊர் திரும்பி நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்.

கண்காட்சிக்கு யாரையும் வைக்கவில்லை, பெரிய கம்பெனி கடைகளில் ஆங்கிலம் போதுமானதாக இருந்ததாம். முதல் கம்பெனியில் விலை பேச்சு ஐந்து மணி நேரம். எண்களைப் பலகையில் எழுதியே பேசினார்களாம். (நன்றி.) சியோல் அம்மையார் ஒரு இடத்தில் நிறுத்தி, "அவர் 'சொபிசு' என்றார். கொரியனில் அது பெரும்பாலும் இலவசமாகத் தருவது என்ற பொருள். பராமரிப்பு சர்வீஸா, இலவசமா என்று கேட்டுச் சொல்லட்டுமா?" என்றாராம். கேட்டதில் இலவசம்தான். ஒரு செட் உதிரிப் பாகம் சும்மா வந்தது.

இரண்டாவது கம்பெனியின் ஆலைத் தளத்தில் ஓய்வுபெற்ற பொறியாளர் வெளுத்து வாங்கியிருக்கிறார். ஆனால் ஒரு சிக்கல். அவர் பாதி நேரம் தானே மேஸ்திரியோடு விவாதத்தில் இறங்கிவிட்டாராம். குளிரூட்டும் நீர்ப்பாதை இப்படிப் போகக் கூடாது என்று அவர் கருத்து. பத்து நிமிடம் இருவரும் காரசாரமாகப் பேசிக்கொண்டு, நம் ஆட்கள் பக்கம் திரும்பி "ஓகே, நோ ப்ராப்ளம்" என்றாராம். பத்து நிமிடப் பேச்சுக்கு மூன்று சொல்!

இதுதான் பொருள் தெரிந்தவரின் வினை. பிப்ரவரி 25-ல் 'அவரே மேல்' என்று தாராளமாக எழுதிவிட்டேன். மேல்தான், ஆனால் 'முதலில் அவர் சொன்னதைச் சொல்லுங்கள், அப்புறம் உங்கள் கருத்து' என்று காலையிலேயே சொல்லி வைக்க வேண்டும். நீர்ப்பாதை விஷயத்தில் அவர் சொன்னது சரி என்று பிறகு தெரிந்ததாம். அதனால் திட்டவும் முடியவில்லை.

21 ஏப்ரல்

முக்கியமான ஒன்றை அவர் போன பதிவில் எழுதவில்லை, நேற்றுத்தான் சொன்னார். அந்த டிராமாப் பெண்ணையும் கூட்டிப் போயிருக்கிறார்கள். எம்.டி. பிடிவாதம். ஒரு வார்த்தை பேசாமல் மேசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாராம். கொரியப் பக்கம் இரண்டு பேர் தங்களுக்குள் முணுமுணுத்ததை உரைபெயர்ப்பாளர் பெயர்க்கவில்லை, அது மேசைக்குச் சொன்னதில்லையே. அந்த முணுமுணுப்பில் 'நாப்கி' என்ற சொல் மூன்று முறை வந்ததைக் கவனித்து, இந்தப் பெண் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எம்.டி. பக்கம் தள்ளியிருக்கிறார். நாப்கி என்றால் ஒப்படைக்கும் கெடு. விலையில் அவர்களுக்குச் சிரமமில்லை, தேதியில்தான் சிரமம் என்று புரிந்து, எம்.டி. மூன்று வாரம் கூடக் கொடுத்து விலையைக் குறைத்துவிட்டார்.

முதல் நாள் நான் அந்தப் பெண்ணை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகச் சொன்ன மாதிரிதான் எழுதியிருந்தேன். பந்தி, சமையல் என்றெல்லாம் உவமை வேறு. வாபஸ். பேச வைக்காதீர்கள், கேட்க வையுங்கள் என்று எழுதியிருக்க வேண்டும்.

சியோல் அம்மையார் கிளம்பும்போது அந்தப் பெண்ணோடு ரயில் நிலையத்தில் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாராம். இப்போது ஆபீஸில் அவர் மேசை மேல் சுருள் வைத்த நோட்டு ஒன்று வந்திருக்கிறது. எம்.டி. கூட்டத்தில் பேசும்போதெல்லாம் அதில் அம்புக்குறி போட்டுக்கொண்டிருக்கிறாராம். எம்.டி.க்குக் கொஞ்சம் பயம்.

22 ஏப்ரல்

"அந்தப் பெண் கேட்கச் சொன்னார்: இஹ்வாவா, ஹான்குக்கா?"

தெரியாது அம்மா. நான் மோல்டு வாங்குகிறவன். அந்த அம்மையார் எண் உங்களிடம் இருக்கிறதல்லவா, அவரிடமே கேளுங்கள். கொரியனில் கேளுங்கள்.